ஒரு நூல் ஏற்று

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது மூச்சு விடுவதைத்தான். அதுவரை நான் ஏதோ எனக்குத் தெரிந்த மாதிரி விட்டுக்கொண்டிருந்தேன். மேலாளர் அம்மா என்னைக் கதவோரமாக நிறுத்தி, ஒரு மைக்கை என் மூக்குக்கு நேராக வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "விடுங்க" என்றார். விட்டேன். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்லயும் இப்படித்தான் விடுவீங்களா?"

"ஆமாங்க."

"இங்க அது ஆகாது. சிவப்பு லைட் எரிஞ்சா பதிவு நடக்குதுன்னு அர்த்தம். அப்ப உங்கள மாதிரி பயிற்சிக்கு வந்த இன்டர்னுங்க வாயால இழுத்து வாயால விடணும். வாயைத் திறக்கிற சத்தமும் கேக்கக் கூடாது. அதனால லைட் எரியறதுக்கு முன்னாடியே திறந்து வச்சுக்கணும்."

"எப்ப எரியும்னு எப்படிங்க தெரியும்?"

"தெரியாது. அதனால எப்பவும் திறந்து வச்சுக்கங்க."

இப்படித்தான் நான் நாள் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நிற்க ஆரம்பித்தேன். வந்துபோகிற பாடகர்களும் தயாரிப்பாளர்களும் தங்கள் கலையைக் கண்டுதான் இந்தப் பெண் இப்படி நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். மேலாளர் அம்மாவுக்கு அதில் உள்ளூரப் பெருமை. நான் ஒலிப்பதிவு படித்தவள். முழுசாகப் படித்து, பரீட்சை எழுதி, நல்ல மதிப்பெண்ணோடு தேறியவள். மூச்சு விடுவதைப் பற்றி அங்கே ஒரு பாடம்கூட இல்லை.

நான் தங்கியிருந்தது அக்கா வீட்டில். அக்கா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். முதல் வாரமே அவள் கவனித்துவிட்டாள்.

"என்னடி இது, வீட்லயும் வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்க? ஈ பூந்துடும், மூடு."

"பழக்கமாயிடுச்சுக்கா."

"நல்ல பழக்கம்! சரி, அந்தப் பெரிய மேஜைல கை வச்சியா?"

மேஜை என்று அவள் சொன்னது மிக்ஸிங் மேஜையை. ஒரு கட்டில் அகலத்துக்கு இருக்கும். அதில் வரிசையாக ஃபேடர்கள், அதாவது மேலே தள்ளினால் சத்தம் ஏறி, கீழே இழுத்தால் சத்தம் இறங்குகிற குமிழ்கள். குரலுக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று, புல்லாங்குழலுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஒரு பாட்டில் எது முன்னால் வரவேண்டும், எது பின்னால் நிற்கவேண்டும் என்பதை அந்தக் குமிழ்களில்தான் முடிவு செய்கிறார்கள். நான் படித்தது அதற்காகத்தான். அங்கே சம்பளமில்லாமல் சேர்ந்ததும் அதற்காகத்தான்.

"இன்னும் இல்லக்கா."

"இந்தா பாரு. உன் மாமாவோட சிநேகிதர் கண்ணாடிக் கடைல கவுண்டருக்கு ஆள் கேக்கறார். உனக்காக இடத்தப் பிடிச்சு வச்சிருக்கார். மேஜைல கை வச்சேன்னு நீ என்னிக்கு வந்து சொல்றியோ, அன்னிக்கு அவரை வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடறேன். இல்லன்னா மாசம் முடிஞ்சதும் நீ போய் மூக்குக் கண்ணாடி துடைச்சுக்கிட்டு நில்லு. நான் பொறுத்துப்பேன்டி. உன் மாமா பொறுத்துக்க மாட்டார்."

பொறுத்துக்கொள்ள மாட்டார் என்று அக்கா சொன்னால் அது அவளைப் பற்றித்தான். மாமா பாவம், வாயில்லாப் பூச்சி.

ஆக, மாதம் முடிவதற்குள் நான் அந்த மேஜையில் கை வைத்தாக வேண்டும். ஆனால் கூடத்தில் இன்டர்னிடம் எதிர்பார்த்ததே வேறு.

கூடத்தின் தலைவரைப் 'பெரிய காது' என்று எல்லோரும் அழைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், அவருடைய விசிட்டிங் கார்டிலேயே அப்படித்தான் இருந்தது. பெரிய காதின் காதைக் காப்பது எங்கள் முதல் கடமை. அவருக்கு டீ போடும்போது ஸ்பூன் பயன்படுத்தக் கூடாது. ஸ்பூன் கிளாஸில் பட்டால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், அது அவர் காதில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் மத்தியானம் வரை எந்தப் பாட்டைக் கேட்டாலும் கூடவே 'டிங்' கேட்கும். ஆகவே சர்க்கரை கரையும் வரை கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு, தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். இத்தனை பாடுபட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் அதை உறிஞ்சுகிற சத்தம் இரண்டு அறை தாண்டிக் கேட்கும்.

"அது மட்டும் பரவாயில்லையாண்ணே?" என்று மூத்தவரைக் கேட்டேன்.

மூத்தவர் எனக்கு முன்பே சேர்ந்த இன்டர்ன். எப்போது சேர்ந்தார் என்று அவருக்கே மறந்துவிட்டது. தாடியில் நரை விழுந்துவிட்டது, இன்னும் இன்டர்ன்தான்.

"அது அனுபவம்மா," என்றார் மூத்தவர் பயபக்தியோடு.

காலையில் எனக்கு வயர் சுருட்டும் வேலை. கூடம் முழுக்கப் பாம்பு மாதிரி வயர்கள் சிக்கிக் கிடக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து, வட்டமாகச் சுருட்டி, ஆணியில் மாட்டிவிட்டு நிமிர்ந்தால் இடுப்பு ஒடிந்துவிடும். ஒரு நாள் மறந்துவைத்த குடையை எடுக்கச் சாயங்காலம் திரும்பி வந்தபோது, மூத்தவர் அந்த வயர்களை எல்லாம் ஆணியிலிருந்து எடுத்துத் தரையில் போட்டுக் காலால் கலைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, என்னண்ணே பண்றீங்க?"

"இது என் வேலைம்மா. நான் கலைக்கலன்னா நாளைக்கு நீ வந்து என்ன பண்ணுவ?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வாய் ஏற்கெனவே திறந்திருந்ததால் எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அதற்கடுத்து நடந்ததுதான் வயிற்று விசாரணை. பதிவு நடக்கும்போது என் வயிறு ஒரு தடவை உறுமிவிட்டது. காலையில் சாப்பிடவில்லை, வேறொன்றுமில்லை. மறுநாள் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, அந்தச் சத்தத்தைத் தனியே பிரித்தெடுத்து, பெரிய ஸ்பீக்கரில் போட்டார்கள். கட்டடமே அதிர்ந்தது.

பெரிய காது கண்களை மூடிக்கொண்டு கேட்டார். "இது பசி," என்றார். "அஜீரணம்னா ஸ்ருதி இன்னும் மேல இருக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மேலாளர் அம்மா என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "இனிமே பதிவுக்கு முன்னாடி ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுட்டு வரணும். பழம் நாங்க தர மாட்டோம். தந்தா அது சம்பளக் கணக்குல வந்துடும்."

அதன்பிறகு ஒரு நாள், வெட்கத்தை விட்டுப் பெரிய காதிடமே போய்க் கேட்டேன். "சார், மேஜைல எப்ப சார் கத்துக் குடுப்பீங்க?"

அவர் டீயை உறிஞ்சி முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு சொன்னார்: "உன் அவசரம் எனக்குப் புரியுது. நானும் இன்டர்னா இருந்தவன்தான். எங்க குரு என்னை அந்த மேஜையப் பாக்கவே விட மாட்டார். திரும்பி நின்னுட்டுத்தான் டீ குடுப்பேன். பல வருஷம். அப்படி இருந்ததாலதான் எனக்கு இந்தக் காது வந்துச்சு. பயிற்சின்னா சொல்லிக் குடுக்கறதுன்னு நினைச்சுட்ட. எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா உனக்கும் தெரிஞ்சு போயிடும். அப்புறம் எனக்கும் உனக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"ஒன்னும் இருக்காது சார்."

"பாத்தியா, உனக்கே புரியுது!" என்றார் சந்தோஷமாக. என்ன நினைத்தாரோ, மேலாளர் அம்மாவைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணுக்கு இன்டர்ன் ஃபேடர் குடுத்துடலாம்," என்றார்.

மேஜையின் வலது கோடியில் எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரு குமிழ் உண்டு, சிவப்பு டேப் ஒட்டியது. அதுதான் இன்டர்ன் ஃபேடர். அதுவரை அது மூத்தவர் பொறுப்பில் இருந்தது. அவரை இப்போது வயர் கலைப்பதற்கு முழு நேரமாகப் பதவி உயர்த்திவிட்டார்கள். என்னைக் கை கழுவி வரச் சொன்னார்கள். கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

"இது பாட்டோட உயிர்," என்றார் பெரிய காது. "நான் 'ஒரு நூல்'னு சொன்னா ஒரு நூல் அளவுதான் ஏத்தணும். ரெண்டு நூல் ஏத்தின, பாட்டு செத்துடும்."

அன்றைய பாட்டில் புல்லாங்குழல் வருகிற இடத்தில், "ஒரு நூல் ஏத்து," என்றார். நின்றபடியே ஒரு நூல் ஏற்றினேன். இன்டர்னுக்கு நாற்காலி கிடையாது. பெரிய காது கண்ணை மூடி, "ஆஹா!" என்றார். சோபாவில் இருந்த தயாரிப்பாளர், "ஆஹா!" என்றார். அவருக்கென்று சோபாவுக்குப் பக்கத்திலேயே தங்க நிறத்தில் ஒரு தனி ஃபேடர் வைத்திருந்தார்கள். அவரும் அதை ஒரு நூல் ஏற்றிவிட்டு இன்னொரு முறை "ஆஹா!" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் கேட்டது. புல்லாங்குழல் மெல்ல எழுந்து வந்து நெஞ்சைத் தொட்டது. நானும் வாய்விட்டு "ஆஹா" என்றேன். சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்ததால் மேலாளர் அம்மா முறைத்தார்.

பாட்டு வெளிவந்த அன்று அக்கா போனை மிஷின்மேல் வைத்துப் போட்டுக் கேட்டாள். புல்லாங்குழல் வந்ததும் மிஷினை நிறுத்தினாள்.

"இந்த இடம்தானேடி?"

"ஆமாக்கா."

"அப்படியே தூக்குதுடி!" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. திரும்பத் திரும்ப அந்த இடத்தையே போட்டுக் கேட்டாள். மாமாவை எழுப்பிக் கேட்கவைத்தாள். சீருடைக்கு அளவு கொடுக்க வந்த பெண்களையெல்லாம் நிறுத்திக் கேட்கவைத்தாள். அன்றே கண்ணாடிக் கடைக்காரருக்கு போன் போட்டு, "எங்க பொண்ணு பெரிய மேஜைல கை வச்சிட்டா, நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டாள். அவரும் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தயாரிப்பாளரின் பேனா மூடி உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. அடியில் போவது இன்டர்ன் வேலை. போன் வெளிச்சத்தில் தவழ்ந்துபோய்த் தேடினேன். மூடி கிடைத்தது. கூடவே, வலது கோடியில் சிவப்பு டேப் ஒட்டிய ஒரு வயரும் கண்ணில் பட்டது. அதன் முனை எதிலும் சொருகப்படாமல், ஒரு முடிச்சுப் போட்டு, அந்தரத்தில் தொங்கியது. முடிச்சின்மேல் தூசி படிந்திருந்தது.

என் குமிழை நான் மேலே தள்ளினாலும் கீழே இழுத்தாலும், அதை எடுத்து மாமா முதுகு சொறிந்துகொண்டாலும், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. தயாரிப்பாளரிடம் மூடியைக் கொடுத்துவிட்டு நேரே மூத்தவரிடம் போனேன். காதோடு காதாகச் சொன்னேன்.

அவர் கலைத்துக்கொண்டிருந்த வயரைக் கீழே போட்டார். "இல்லம்மா. நான் கேட்டிருக்கேன்."

"வயரே சேரலண்ணே."

"நான் எத்தனை நூல் ஏத்தியிருப்பேன் தெரியுமா? எல்லாம் என் காதுல இருக்கும்மா," என்றவர், மறுபடி குனிந்து கலைக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வாசலில் நுழையும்போதே அக்கா எதிர்வீட்டுக்காரிக்கு அந்தப் பாட்டைப் போட்டுக்காட்டிக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு சொன்னேன்.

"அக்கா, அது நான் இல்லக்கா. அந்தக் குமிழோட வயர் எதுலயும் சேரல. சும்மா தொங்குது."

அக்கா போனை எடுத்து அந்த இடத்தை மறுபடியும் போட்டுக் கேட்டாள்.

"அப்ப நான் கேட்டது என்னது?"

"தெரியலக்கா. எனக்கும்தான் கேட்டுச்சு."

அவ்வளவுதான், அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனேடி! அந்தக் கடை வேலையும் போச்சு! உன்னை நாள் பூரா வாயைப் பொளந்துட்டு நிக்க வச்சு, வாழைப்பழம் திங்க வச்சு, கடைசில பொம்மையக் குடுத்தா ஏமாத்தினாங்க? நாளைக்குப் போற, அந்த வயரை எதுலயாவது சொருகற. சொருகாம வீட்டுக்கு வராத!"

மறுநாள் யாரும் வருவதற்கு முன்னால் போனேன். மேஜைக்கு அடியில் போய் முடிச்சை அவிழ்த்து, புல்லாங்குழல் என்று எழுதியிருந்த துளையைத் தேடிப் பிடித்துச் சொருகினேன். படிப்பு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கைகொடுத்தது.

புதுப் பாட்டு ஒன்றின் பதிவு ஆரம்பித்தது. தயாரிப்பாளர் சோபாவில், பெரிய காது நாற்காலியில், நான் கோடியில் வாயைப் பிளந்துகொண்டு. புல்லாங்குழல் வருகிற இடம் வந்தது.

"ஒரு நூல் ஏத்து," என்றார் பெரிய காது, கண்ணை மூடியபடி.

ஏற்றினேன். புல்லாங்குழல் எழுந்து கூடத்தை நிறைத்தது. ஒருவரும் 'ஆஹா' சொல்லவில்லை. எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

"என்ன சத்தம் அது?" என்று அலறினார் பெரிய காது.

"புல்லாங்குழல் சார்."

"இத்தனை நாள் இல்லாம இன்னிக்கு ஏன் வருது?"

"நீங்கதான சார் ஏத்தச் சொன்னீங்க."

"சொன்னா ஏத்திடுவியா?"

என் பொறுமை அதோடு போயிற்று. "சார், இவ்ளோ நாள் இதோட வயர் தொங்கிட்டு இருந்துச்சு. காலைல நான்தான் சொருகினேன்," என்று போட்டு உடைத்துவிட்டேன்.

பெரிய காது கலங்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமா, தொங்கத்தான் விட்டிருந்தேன். அதுக்குப் பேரு நிர்வாகம். இன்டர்னுக்கு ஒரு ஃபேடர், தயாரிப்பாளருக்கு ஒரு ஃபேடர். அவங்கவங்க மனசு நிறையும், பாட்டும் கெடாது. இந்த இடம் இத்தனை வருஷமா நிக்குதுன்னா சும்மாவா?"

தயாரிப்பாளர் தன் தங்கக் குமிழைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றிவைத்துவிட்டுச் சோபாவுக்குப் பின்னால் குனிந்தார். அங்கிருந்து அவருடைய வயரின் முனை மட்டும் மேலே வந்தது, அவர் கையில். "இதுவும் சும்மாவா?" என்று குரல் வந்தது.

"நம்பிக்கை இல்லன்னா என்னோடதப் பாருங்க!" என்று மார்தட்டினார் பெரிய காது. "ஒவ்வொரு வயரும் என் நரம்பு மாதிரி. போய்ப் பாரும்மா!"

நான் அடியில் போய் போன் வெளிச்சத்தைத் திருப்பினேன். காலையில் இருந்த அவசரத்தில் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவருடைய வயர்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, ஓரமாக, ஒரு பழைய துணிமேல் பத்திரமாக வைத்திருந்தார்கள். கட்டை அப்படியே எடுத்து வெளியே காட்டினேன்.

மேலாளர் அம்மாதான் முதலில் பேசினார். "மேஜைய ரிப்பேர் பண்ண வந்தவர் எல்லாத்தையும் கழட்டிட்டு, ஒரு ஸ்க்ரூ வாங்கிட்டு வரேன்னு போனார் சார். வரவேயில்ல. அன்னிக்கு ஒரு பதிவு இருந்துச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம நான் வாயை மூடிட்டு இருந்தேன். பின்ரூம்ல இருக்கற பதிவு மிஷின் தானா எல்லாத்தையும் சமமா கலந்து குடுத்துடுச்சு. நீங்க குமிழ நகத்திட்டு ஆஹான்னீங்க. அந்தப் பாட்டுக்குத்தான் சார் நமக்கு விருது வந்துச்சு. நல்லா இருக்கறத எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

பெரிய காது தன் விரல்களைப் பார்த்தார். ஒரு குமிழை மேலே தள்ளினார், கீழே இழுத்தார்.

"அப்ப நான் கேட்டது என்னது?" என்றார்.

அக்கா கேட்ட அதே கேள்வி, அதே குரல். இவ்வளவு நாள் அவர்மேல் இருந்த எரிச்சலில் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது.

தயாரிப்பாளர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "சரி, விடுங்க. பாட்டு நாளைக்கு வெளிய போகணும். என்னோடத மட்டும் சேத்துடாதீங்க. நிஜமா சேந்து, பாட்டு ஊத்திக்கிச்சுன்னா பழி என் தலைல விழும். சாருக்கும் சேக்க வேண்டாம், அவருக்குப் பழக்கமில்ல. இந்தப் பொண்ணோட புல்லாங்குழல் மட்டும் இருக்கட்டும். கேக்க ஏதோ புதுசா இருக்கு."

மேலாளர் அம்மா நிம்மதியாக மூச்சு விட்டார், மூக்கால். "அப்ப ஆரம்பிக்கலாம். இன்டர்ன், உங்க இடத்துல நில்லுங்க."

"நிக்க மாட்டேன்," என்றேன். "உக்காந்தாத்தான் ஏத்துவேன்."

"இன்டர்னுக்கு நாற்காலி கிடையாதுங்க."

நான் மேஜைக்கு அடியில் போய் என் வயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இழுத்தால் புல்லாங்குழல் போய்விடும். மேலே கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. பெரிய காது எழுந்துவிட்டார். வெளியே வந்து அதில் உட்கார்ந்தேன். அந்த நாற்காலி அப்படிக் கிறீச்சிட்டது, என் வயிறு உறுமியதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. ஒருவரும் விசாரணை வைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டபடி, ஒரு நூல் ஏற்றினேன்.

பாட்டு வெளிவந்த சாயங்காலம், அக்காவிடம் போனைக் கொடுத்தேன். "இதுல வர்றது நிஜமாவே நான்க்கா. வயர் சொருகி, நாற்காலில உக்காந்து, நானே ஏத்தினது."

அக்கா மிஷினை நிறுத்தினாள். மாமாவை எழுப்பினாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டாள். புல்லாங்குழல் வந்ததும் என்னைப் பார்த்தாள்.

"இந்த இடம்தானேடி?"

"ஆமாக்கா."

இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். நெற்றியைச் சுருக்கினாள். பிறகு என் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் யோசித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பழைய பாட்டு மாதிரி தூக்கலடி," என்றாள்.